விறாந்தையில் இருந்த வெள்ளைத் தூள்

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, பிரிஸ்பேனில் நாங்கள் வாங்கிய பழைய மரவீட்டின் முன் விறாந்தையில் நின்றிருந்தேன். கையில் வாடகைக்கு எடுத்த சாண்டர் மெசின். விறாந்தையைச் சுற்றியிருந்த மரக் கைபிடியில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பது என் திட்டம். இரண்டு வயது மகள் வலைக்கதவுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெசினைப் போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு ஓடிவந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். வாழ்நாள் முழுக்கப் பெயின்ட் வேலை செய்து ஓய்வுபெற்றவர். "நிறுத்து! முதலில் பிள்ளையை வீட்டின் பின்பக்கம் கொண்டுபோ" என்றார். பிறகு மேலே ஏறிவந்து, நான் இன்னும் தேய்க்காத இடத்தில் ஒரு விரலை வைத்து இழுத்துக் காட்டினார். விரல் நுனியில் மாவு மாதிரி வெள்ளைத் தூள்.

"இந்த வீட்டின் வயதுக்கு இது ஈயமாகத்தான் இருக்கும்."

நான் பொறியியலில் முதுகலை வரை படித்தவன். ஈயத்தின் அணு எண் 82 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டுக் கைபிடியில் அது இருக்கும் என்று மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வாசிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் ஒன்று தெரியவந்தது. விறாந்தைக் கைபிடி, வெள்ளைத் தூள், குழந்தையின் விரல் என்ற இந்த மூன்றையும் உலகத்தில் முதன்முதலாகச் சேர்த்துப் பார்த்தவர் ஒரு வைத்தியர். அவர் பார்த்தது நான் வளர்ந்த இதே பிரிஸ்பேனில். 1904-இல். இங்கே பள்ளிக்கூடம் போன எனக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லை. அதனால் நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்

தமிழில் 'ஈயம்' என்றால் கொஞ்சம் குழப்பம் வரும். நம் மொழியில் இரண்டு ஈயம் உண்டு. ஒன்று வெள்ளீயம், மற்றது காரீயம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் 'ஈயம் பூசுவது' வெள்ளீயத்தால். தமிழ்நாட்டு நண்பர்கள் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான். இந்தக் கட்டுரையில் வருவது மற்றது, காரீயம். கறுத்த, பாரமான, மென்மையான உலோகம். உடம்புக்கு அது எந்த வேலையும் செய்வதில்லை. கெடுதல் மட்டுமே செய்யும். இனி நான் வெறுமனே ஈயம் என்று எழுதும் இடமெல்லாம் காரீயம் என்றே வாசியுங்கள்.

இந்தக் கறுத்த உலோகத்திலிருந்து பளிச்சென்ற வெள்ளை நிறப்பொடி ஒன்று செய்யலாம். ஈயக் கார்பனேற்று என்பது அதன் இரசாயனப் பெயர். அந்தப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் மரத்தில் அருமையாகப் பிடிக்கும் பெயின்ட் கிடைக்கும். ஒருமுறை அடித்தாலே கீழே உள்ளது தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் நல்ல பெயின்ட் என்றால் அதுதான்.

காரணம் தெரியாத நோய்

குயின்ஸ்லாந்து வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கால்களில் உயர்த்திக் கட்டிய மரவீடு, தகரக் கூரை, சுற்றிலும் அகலமான விறாந்தை. வெக்கைக்குத் தோதான வீடு. 1890களில் இங்கே பிள்ளைகள் பொழுதைக் கழித்தது அந்த விறாந்தையில்தான். தவழ்வது, தூங்குவது, கைபிடியைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகுவது எல்லாம் அங்கேயே நடந்தன. அந்தக் கைபிடிக்கு அடித்திருந்தது ஈயப் பெயின்ட்.

1889-இல் ஆல்பிரட் ஜெஃபரிஸ் டர்னர் என்ற இளம் வைத்தியர் பிரிஸ்பேன் சிறுவர் வைத்தியசாலையில் சேர்ந்தார். சீனாவின் கன்டன் நகரில் பிறந்து, லண்டனில் படித்தவர். பிள்ளைகளிடம் அவ்வளவு மென்மையாக நடந்துகொள்வார் என்பதால் 'ஜென்டில் ஆனி' என்று பட்டப்பெயர். ஓய்வு நேரத்தில் அந்துப்பூச்சிகளைப் பிடித்து வகைப்படுத்துவார். அந்தத் துறையிலும் பெயர் பெற்றவர். சின்ன வித்தியாசங்களைக் கவனிக்கும் கண் அவருக்கு இருந்தது.

அவரிடம் விசித்திரமான பிள்ளைகள் வந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிப்பார்கள். இரத்தம் குறைந்து வெளிறியிருப்பார்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடப்பார்கள். மணிக்கட்டு தொங்கிப்போயிருக்கும். சிலருக்கு மாறுகண் விழும். சிலருக்குப் பார்வையே போகும். சிலர் வலிப்பு வந்து இறந்தார்கள்.

பெரியவர்களிடம் இந்த அறிகுறிகளை வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். பெயின்ட் அடிப்பவர்களுக்கும் ஈயத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கும் வரும் ஈய நச்சு அது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை எந்தத் தொழிற்சாலைக்குப் போனது? 1892-இல் சிட்னியில் நடந்த வைத்திய மாநாட்டில், பிரிஸ்பேன் வைத்தியர்கள் ஐந்து பேர் சேர்ந்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஈய நச்சு ஏறுகிறது என்று அறிவித்தார்கள். டர்னரும் அவர்களில் ஒருவர். நோய் என்ன என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

அந்தக் காலத்து வீட்டில் ஈயம் இருக்கக்கூடிய இடங்கள் ஒன்றா இரண்டா? தண்ணீர்க் குழாய், தொட்டியின் பற்றாசு, விளையாட்டுச் சாமான், பாத்திரம் என்று எல்லாவற்றையும் சந்தேகிக்கலாம். 1897 அளவில், நச்சு பிள்ளை வாழும் வீட்டிலேயே இருக்கிறது என்ற முடிவுக்கு டர்னர் வந்திருந்தார். வீட்டில் எங்கே?

விரல் நுனியைப் பார்த்தவர்

விடை கண்டவர் அதே வைத்தியசாலையின் கண் வைத்தியர், ஜோன் லொக்ஹார்ட் கிப்சன். 1892-இல் அறிக்கை கொடுத்த ஐவரில் அவரும் ஒருவர். பார்வை நரம்பு வீங்கி, கண் திரும்பிப்போன பிள்ளைகள் அவரிடம்தான் வருவார்கள்.

1904-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். குயின்ஸ்லாந்துப் பிள்ளைகளின் ஈய நச்சுக்குக் காரணம் பெயின்ட் அடித்த கைபிடிகளும் அறைச் சுவர்களும் என்பதே அதன் வாதம். பெயின்ட் அடித்த மாதிரியே இருந்துவிடுவதில்லை என்று அவர் காட்டினார். குயின்ஸ்லாந்து வெயிலில் அதன் எண்ணெய் சிதைந்துபோகிறது. எண்ணெய் போனதும் ஈயப்பொடி பிடிப்பில்லாமல் மேலே நிற்கிறது. கைபிடியைத் தொடும் பிள்ளையின் ஈரக்கையில் அது ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிள்ளைக்கு நகம் கடிக்கும் பழக்கமோ விரல் சூப்பும் பழக்கமோ இருந்தால் பொடி வாய்க்குள் போகிறது.

இது எவ்வளவு அழகான விளக்கம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரே வீட்டில் அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள். இருவரும் குடிப்பது ஒரே தண்ணீர். தம்பிக்கு மட்டும் நோய் வருகிறது. தண்ணீரில் நச்சு என்றால் அக்கா எப்படித் தப்பினாள்? நச்சு கைபிடியில் இருக்கிறது, தம்பி விரல் சூப்புகிறான் என்றால் கணக்குச் சரிவருகிறது. கணினியில் ஒரு பிழையைத் தேடும்போது நாங்களும் இதைத்தான் செய்வோம்: எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை, இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் என்ன?

கிப்சன் மருந்தும் சொன்னார். பிள்ளைகளின் கை எட்டும் இடத்தில் ஈயப் பெயின்ட் அடிக்கவே கூடாது. அவ்வளவுதான்.

பதினெட்டு வருடம்

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். ஆனால் சட்டம் வர 18 வருடம் ஆனது.

வேறு மாநிலங்களின் வைத்தியர்கள் பலர் நம்பவில்லை. இது குயின்ஸ்லாந்தில் மட்டும் எப்படி வரும் என்று கேட்டார்கள். ஈயம் அவுஸ்திரேலியாவுக்குப் பெரிய வருமானம் என்பதையும் மறக்கக்கூடாது. புரோக்கன் ஹில்லில் தோண்டி, போர்ட் பிரியில் உருக்கி, உலகத்துக்கு விற்ற பண்டம் அது. டர்னரும் கிப்சனும் விடவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகப் பதிவு செய்தார்கள். திரும்பத் திரும்ப எழுதினார்கள். கடைசியில் குயின்ஸ்லாந்து வைத்தியர் சங்கமும் அவர்கள் பக்கம் நின்றது. 1922-இல் குயின்ஸ்லாந்து சட்டம் போட்டது: பிள்ளைகள் புழங்கும் கட்டடங்களின் வெளிப்புறத்தில், தரையிலிருந்து 4 அடி உயரத்துக்குள் ஈயப் பெயின்ட் அடிக்கக்கூடாது.

4 அடி என்பதைக் கவனியுங்கள். ஒரு பிள்ளை கையை நீட்டினால் எட்டும் உயரம். உலகத்தில் பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்ட முதல் பெயின்ட் சட்டங்களில் ஒன்று அது. அளவுகோல் பிள்ளையின் கை.

அடுத்த வருடமே, 1923-இல், அமெரிக்காவில் ஒரு பெரிய பெயின்ட் நிறுவனம் பிள்ளைகளுக்கென்றே நிறம் தீட்டும் புத்தகம் அச்சிட்டது. ஈயத்தில் செய்த பொருட்களெல்லாம் சேர்ந்து விருந்து வைக்கும் கதை அது. 'டச் பாய்' என்ற பெயின்ட்டுக்கான விளம்பரம். இங்கே தடைசெய்ததை அங்கே பிள்ளைகளின் கையிலேயே கொடுத்தார்கள்.

குயின்ஸ்லாந்துச் சட்டத்துக்கும் ஒரு குறை இருந்தது. இனிமேல் அடிக்காதே என்று அது சொன்னது. ஏற்கெனவே அடித்திருந்ததை யாரும் உரித்தெடுக்கவில்லை. என் வீட்டுக் கைபிடி மாதிரி.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது

வைத்தியசாலையிலிருந்து உயிரோடு வீடு திரும்பிய பிள்ளைகள் குணமாகிவிட்டார்கள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். வயிற்றுவலி நின்றது, கால் தேறியது, பிள்ளை ஓடி விளையாடியது.

1929-இல் ஜார்விஸ் நை என்ற பிரிஸ்பேன் வைத்தியர் ஒரு விசித்திரத்தை எழுதினார். குயின்ஸ்லாந்தில் இளவயதினர் சிறுநீரகம் கெட்டு இறக்கிறார்கள். வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் இறக்கிறார்கள். சிறுவயதில் ஏறிய ஈயம்தான் காரணம் என்று அவர் வாதிட்டார்.

அதைச் சரிபார்த்தவர் ஹென்டர்சன் என்ற வைத்தியர். 1915 முதல் 1935 வரை பிரிஸ்பேனில் ஈய நச்சு என்று பதிவான 401 பிள்ளைகளின் பெயர்களை எடுத்தார். அவர்கள் இப்போது எங்கே என்று ஒவ்வொருவராகத் தேடினார். முடிவு 1954-இல் வெளிவந்தது. 352 பேரைக் கண்டுபிடித்திருந்தார். அவர்களில் 165 பேர் 40 வயதுக்கு முன்பே இறந்துபோயிருந்தார்கள். அந்த 165 பேரில் 108 பேரின் மரணத்துக்குக் காரணம் சிறுநீரக நோய் அல்லது உயர் இரத்த அழுத்தம்.

இந்த எண்களை வாசித்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. விறாந்தையில் விரல் சூப்பிய ஒரு கோடைகாலம், முப்பது வருடம் கழித்து ஒரு அப்பாவையோ அம்மாவையோ கொண்டுபோயிருக்கிறது.

ஏன் இவ்வளவு காலம்? ஈயம் கல்சியத்தைப் போல நடிக்கும். எலும்பு கட்ட உடம்பு கல்சியத்தைத் தேடும்போது ஈயமும் உள்ளே புகுந்து எலும்பில் குடியேறிவிடும். பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குத் திரும்பும். வளரும் பிள்ளைக்குக் கல்சியம் அதிகம் தேவை. அதனால் வாய்க்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களை விட 4 முதல் 5 மடங்கு அதிகமாகச் சிறுபிள்ளைகளின் உடம்பு எடுத்துக்கொள்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நானும் மகளும் ஒரே தரையில் இருந்தாலும் எங்களுக்கு நடப்பது ஒன்றல்ல.

உலகம் தூசியை மறந்தது

அமெரிக்காவில் கதை வேறு மாதிரிப் போனது. பால்ட்டிமோரில் ஒரு சிறுவன் தன் கட்டிலின் வெள்ளைப் பெயின்ட்டைக் கடித்துத் தின்று இறந்தான். வைத்தியர்கள் அதை 1914-இல் பதிவு செய்தார்கள். அதன் பிறகு அங்கே ஈய நச்சு என்றாலே பெயின்ட் செதிலைத் தின்னும் பிள்ளை என்ற படம்தான் எல்லார் மனதிலும் பதிந்தது. கண்டதையும் தின்பது பிள்ளையின் கெட்ட பழக்கம். பார்க்காமல் விட்டது தாயின் பிழை. குறிப்பாக ஏழைத் தாயின் பிழை. ஈய வியாபாரிகளுக்கு இந்தப் பேச்சு வசதியாக இருந்தது. குற்றம் சுவரில் இல்லை, பிள்ளையிடம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா?

கிப்சன் சொன்னது அதற்கு நேர்மாறானது. பிள்ளை செதிலைத் தின்ன வேண்டியதில்லை. எல்லாப் பிள்ளைகளும் செய்வதைச் செய்தாலே போதும்: தொடுவது, பிறகு கையை வாயில் வைப்பது.

இதை அமெரிக்கா ஏற்றுக்கொள்ள 70 வருடம் ஆனது. 1974-இல் நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில் சில வைத்தியர்கள் வீடு வீடாகப் போனார்கள். தரையையும் ஜன்னல் விளிம்பையும் பிள்ளைகளின் கைகளையும் துடைத்து, துடைத்த துணியில் எவ்வளவு ஈயம் என்று அளந்தார்கள். நகரின் நடுவிலிருந்த பழைய வீடுகளின் தூசியிலும், அந்தப் பிள்ளைகளின் கைகளிலும், புறநகரை விட மிக அதிகம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத வீட்டுத் தூசியே போதும் என்பது அப்போதுதான் அங்கே பெரிய பேச்சானது.

அந்த 70 வருடத்தில் எத்தனை பிள்ளைகள்! கண்டுபிடிப்பு என்பது ஒருவர் கண்டுபிடித்த நாளில் முடிந்துவிடும் என்று நான் சின்ன வயதில் நினைத்ததுண்டு. ஒரு மூலையில் இருக்கும் ஊரின் வைத்தியர் சொல்வதை மற்றவர்கள் கேட்க வேண்டும் என்ற இன்னொரு பாதியும் இருக்கிறது.

பால் பல் சொன்ன கதை

ஈயம் உயிரை எடுக்காவிட்டால் கெடுதல் இல்லையா? 1943-இல் பொஸ்டனில் இரண்டு ஆய்வாளர்கள், ஈய நச்சிலிருந்து 'குணமான' 20 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். 19 பேர் பள்ளிக்கூடத்தில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் நோயே வராத, வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் பிள்ளைகளின் நிலை என்ன? இதைக் கேட்டவர் ஹேர்பேர்ட் நீடில்மன். இரத்தத்தில் ஈயம் வரும், போகும். எலும்பை வெட்டிப் பார்க்க முடியாது. பிள்ளைகள் தாங்களாகவே கழற்றிக் கொடுக்கும் எலும்பு போன்ற ஒன்று இருக்கிறதே, பால் பல்! பொஸ்டனுக்கு அருகே செல்சி, சொமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விழுந்த பற்களைச் சேர்த்தார். 1979-இல் முடிவு வந்தது. பல்லில் ஈயம் கூடியிருந்த பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் குறைவு. வகுப்பில் கவனம் சிதறுவது அதிகம். எந்த வைத்தியரும் அவர்களை நோயாளி என்று சொன்னதில்லை.

ஈயத் தொழிலின் பக்கம் நின்ற நிபுணர்கள் அவர் ஆய்வைப் பல வருடம் தாக்கினார்கள். விசாரணைகள் நடந்தன. அவர் தாக்குப்பிடித்தார். அவுஸ்திரேலியாவிலும், ஈயம் உருக்கும் போர்ட் பிரி நகரில், 1979-இல் கருவில் இருந்த பிள்ளைகளிலிருந்து தொடங்கிய நீண்ட ஆய்வு அதே திசையைக் காட்டியது.

மண்ணுக்கு வந்த ஈயம்

பெயின்ட் ஒரு வழி. இன்னொன்று பெற்றோல். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்ற பொறியியலாளர், எஞ்சின் தட்டாமல் ஓட பெற்றோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலக்கலாம் என்று கண்டுபிடித்தார். என் துறைக்காரர் என்பதால் இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது. அடுத்த பல பத்தாண்டுகள் உலகத்தின் ஒவ்வொரு வாகனமும் புகையோடு ஈயத்தைத் துப்பிக்கொண்டு போனது. இந்தியாவில் 2000-இலும் அவுஸ்திரேலியாவில் 2002-இலும் ஈயப் பெற்றோல் நின்றது. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல்.

புகை போய்விட்டது. ஈயம் போகவில்லை. ஈயம் ஒரு தனிமம். பிளாஸ்டிக் மாதிரி நொறுங்குவதில்லை, இலை மாதிரி உக்குவதுமில்லை. விழுந்த இடத்திலேயே மண்ணின் மேல் சில அங்குலத்தில் கிடக்கும். பழைய பெரிய வீதிகளின் ஓரத்திலும், பெயின்ட் உதிரும் பழைய வீடுகளின் சுவர் ஓரத்திலும் அதிகம். அங்கிருந்து சப்பாத்தில் ஒட்டியும் காற்றில் பறந்தும் வீட்டுக்குள் வந்து தூசியாகிறது.

சிட்னியில் மக்குவாரி பல்கலைக்கழகம் 2013 முதல் 'வெஜ்சேஃப்' என்ற திட்டத்தில் பொதுமக்களின் தோட்ட மண்ணைச் சோதித்துக் கொடுக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு அவுஸ்திரேலியாவின் எல்லை ஒரு கிலோ மண்ணுக்கு 300 மில்லிகிராம். பழைய உள்நகர்ப் பகுதிகளில் அதைத் தாண்டும் தோட்டங்கள் நிறைய. அதே குழு 2022-இல் இன்னொன்று சொன்னது: சிட்னியில் வீட்டு முற்றத்தில் மேயும் கோழிகளின் முட்டையில், கடை முட்டையை விடச் சராசரியாக 40 மடங்கு ஈயம். கோழியும் குழந்தையைப் போலத்தான், தரையைக் கிண்டி வாயில் போடும்.

இங்கே நம் வீட்டுக் கதையும் வருகிறது. என் அப்பா கறிவேப்பிலையையும் முருங்கையையும் எங்கே நட்டிருக்கிறார்? வீட்டுச் சுவர் ஓரத்தில். குளிர்காலத்தில் கதகதப்பு கிடைக்குமாம். பழைய வீடு என்றால் அந்த ஓரம்தான் மிக மோசமான இடம்.

ஒரு கிராம் கணக்கு

என் கைபிடியின் செதில் ஒன்றைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். 11 சதவீதம் ஈயம் என்று பதில் வந்தது. இனி ஒரு சின்னக் கணக்கு. சுலபத்துக்காக 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கிராம் பெயின்ட் தூளில் 100 மில்லிகிராம் ஈயம், அதாவது 100,000 மைக்ரோகிராம். வீட்டுத் தரையில் ஒரு சதுர அடிக்கு 10 மைக்ரோகிராம் இருந்தாலே ஆபத்து என்று அமெரிக்கா 2019-இல் நிர்ணயித்தது. 100,000-ஐ 10-ஆல் வகுத்தால் 10,000 சதுர அடி. ஒரு தேக்கரண்டியை நிரப்பவும் போதாத தூள், ஐந்து வீடுகளின் தரையைக் கெடுக்கும். நான் மெசினை வைத்து ஐந்து நிமிடம் தேய்த்திருந்தேன்.

இடம்மாறும் கோடு

மகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்தோம். ஒரு டெசிலீற்றருக்கு 4 மைக்ரோகிராம்.

அவுஸ்திரேலியாவில் 5-ஐத் தாண்டினால்தான் காரணத்தைத் தேட வேண்டும் என்பது 2015 முதல் விதி. அதன்படி அவள் சரி. அமெரிக்காவில் 2021 முதல் கோடு 3.5. அதன்படி அவள் கோட்டுக்கு மேலே. ஒரே பிள்ளை, ஒரே துளி இரத்தம்.

இந்தக் கோடு நகர்ந்துவந்த பாதையைப் பாருங்கள். அமெரிக்காவில் 1960களில் 60 வரை பரவாயில்லை என்றார்கள். பிறகு 40. 1975-இல் 30. 1985-இல் 25. 1991-இல் 10. 2012-இல் 5. இப்போது 3.5. பிள்ளைகளின் உடம்பு மாறவில்லை; நமக்குத் தெரிந்தது மாறியது. ஒவ்வொரு முறையும், முந்தைய கோட்டுக்குக் கீழே 'பத்திரமாக' இருந்த பிள்ளைகள் பத்திரமாக இருக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்பதே இன்றைய நிலை.

என்ன செய்தோம்

பக்கத்து வீட்டுக்காரர் கற்றுக்கொடுத்தார். உலர்ந்த பெயின்ட்டை மெசினால் தேய்க்கவே கூடாது. ஈரமாக்கி, கீழே பிளாஸ்டிக் விரித்து, முகமூடி போட்டு, கையால் சுரண்ட வேண்டும். முடியாவிட்டால் அதற்கென்று பயிற்சி பெற்றவரைக் கூப்பிட வேண்டும். நாங்கள் கூப்பிட்டோம். வேலை முடியும்வரை மகளும் மனைவியும் அம்மம்மா வீட்டில் இருந்தார்கள். வீட்டுத் தரையை ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தேன். விளக்குமாறு எடுக்கவில்லை, அது தூசியைக் கிளப்பிவிடும்.

துடைப்பதால் பலன் உண்டா? உண்டு. 1983-இல் பால்ட்டிமோரில் ஒரு ஆய்வுக் குழு, இரத்தத்தில் ஈயம் மிகக் கூடியிருந்த பிள்ளைகளின் வீடுகளை மாதம் இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்தது. ஒரு வருடத்தில் அந்தப் பிள்ளைகளின் அளவு சுமார் 7 மைக்ரோகிராம் இறங்கியது. துடைக்காத வீடுகளில் ஒன்றுகூட இறங்கவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்கு 30க்கு மேல் மிச்சம் இருந்தது. துடைப்பது உதவும், பெயின்ட்டை அகற்றுவதற்கு அது ஈடாகாது.

அம்மம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "வெளியிலேயே செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிப்போட்டு உள்ளே வா எண்டு நான் சொன்னால் நீங்கள் சிரிப்பியள்" என்றார். சரிதான். தெருமண் வீட்டுக்குள் வராமல் தடுக்க அதைவிட மலிவான வழி இல்லை. சாப்பிடுமுன் கை கழுவுவதும் அப்படித்தான். கீரையையும் கிழங்கையும் மண் போக நன்றாகக் கழுவ வேண்டும். அப்பாவின் கறிவேப்பிலைக்கு இப்போது வெளியிலிருந்து வாங்கிய மண் நிரப்பிய பெரிய தொட்டி.

நீங்கள் இருப்பது டொரண்டோவோ, லண்டனோ, சிட்னியோ, உங்கள் வீடு எப்போது கட்டியது என்று இன்றிரவு அப்பா அம்மாவிடம் கேளுங்கள். 1970க்கு முன் என்றால், பெயின்ட் உரிந்த ஜன்னலையும் கைபிடியையும் காட்டிக் கொடுங்கள். வீட்டைத் திருத்தப்போகிறார்கள் என்றால், தேய்ப்பதற்கு முன் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் குட்டித் தம்பியோ தங்கையோ இருந்தால் இது உங்கள் வேலை. அவர்களின் உயரத்திலிருந்து வீட்டைப் பார்ப்பது பெரியவர்களை விட உங்களுக்குச் சுலபம்.

ஆறு மாதம் கழித்து மகளுக்கு மறுபடியும் பார்த்தோம். 2 என்று வந்தது. மாலையில் நான் வேலை முடித்து வரும் நேரத்தில் அவள் விறாந்தையில் நிற்பாள், புதுக் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நான் படியேறியதும் கைபிடியில் ஒரு விரலை வைத்து இழுத்துப் பார்ப்பேன். விரலில் ஒன்றும் ஒட்டாது. பிறகுதான் அவளைத் தூக்குவேன்.